நீதிபதி டார்ப்ளி பங்கேற்கவில்லை

பிக்கெட் ஃபெரி
பிப்ரவரி 7, 1988

அன்பு மகள் வீனிக்கு,

உன் பெரியப்பா ஹோசியா எழுதுகிறேன். வலது முழங்காலைத் தவிர என் உடம்பில் எல்லாம் நலம். உன் இரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது? உப்பைக் குறைத்தாயா?

நீ நம்பமாட்டாய், இது என் சொந்தக் கை. இதற்கு முன் உனக்கு வந்த கடிதங்களெல்லாம் முடிவெட்டும் க்ளீவன் எழுதியவை. நான் ஒன்று சொல்வேன், அவன் ஒன்று எழுதுவான். போன கிறிஸ்துமஸுக்கு நான் உன்னிடம் தூண்டில் கேட்டதாக அவன் எழுதியிருந்தது, நீ அதை அனுப்பிய பிறகுதான் எனக்குத் தெரியும். அந்தத் தூண்டில் இப்போது அவனிடம்தான் இருக்கிறது.

தேவாலயத்தின் அடித்தளத்தில் பாடம் நடக்கிறது. தபால் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்ற மிஸ் ஓர்லீன் சொல்லிக்கொடுக்கிறார். "ஹோசியாண்ணே, பென்சிலை ரம்பம் மாதிரி பிடிக்காதீங்க. அது எங்கேயும் ஓடிப்போகாது" என்கிறார். வாழ்நாள் முழுக்க மர ஆலையில் ரம்பம் பிடித்த கைக்கு வேறு என்ன தெரியும்? ஆனாலும் எழுபத்தொரு வயதில் என் பெயரை எழுதி, அதைத் திரும்பப் படித்தேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். இந்த மாநிலத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நமது கறுப்பு நிறத்தில் உட்கார்ந்த முதல் ஆள் நீ என்று ரேடியோவில் கேட்டதோடு சரி. நீ எழுதிய தீர்ப்பு ஒன்றில் உன் பெயர் அச்சில் இருப்பதை நானே படிக்க வேண்டும். அதைச் சமையலறைச் சுவரில், அடுப்புக்கு மேலே ஒட்டப்போகிறேன். அனுப்பு.

கை வலிக்கிறது. கடவுள் உன்னைக் காக்கட்டும்.

உன் பெரியப்பா
ஹோசியா டார்ப்ளி

*

தலைநகர்
பிப்ரவரி 28, 1988

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் அலுவலகக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். உப்பைக் குறைத்துவிட்டேன். அழுத்தம் குறையவில்லை. முழங்காலுக்குக் கற்பூரத் தைலம் தேயுங்கள்.

என் வேலையைப் பற்றிக் கேட்டால் சிரிப்பீர்கள். எங்கள் நீதிமன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. நீதிபதிகள் மட்டும் கூடிப் பேசும் அறைக்குள் வேறு யாரும் வரக்கூடாது. யாராவது கதவைத் தட்டினால், கடைசியாக வந்து சேர்ந்த நீதிபதிதான் எழுந்துபோய்த் திறக்க வேண்டும். இரண்டு வருடமாக நான்தான் கதவு திறக்கிறேன். அது நிறத்தைப் பார்த்து வந்த வழக்கமில்லை, எல்லோரும் திறந்தவர்கள்தான். இருந்தாலும் நான் எழும்போது அவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிகிறது.

போன மாதம் ஒரு வக்கீல் வாசலில் என்னைப் பார்த்ததும் தன் கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

நீங்கள் கேட்டபடி என் தீர்ப்பு ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். இரண்டு பண்ணைகளுக்கு நடுவே உள்ள வேலி யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு. எனக்குப் பெரும்பாலும் வேலியும் லாரி இன்சூரன்ஸும்தான் வருகின்றன.

அன்புடன்,
வீனி

*

பிக்கெட் ஃபெரி
ஏப்ரல் 10, 1988

அன்பு மகள் வீனிக்கு,

நான் நலம். தைலம் தேய்த்ததில் முழங்கால் பரவாயில்லை, ஆனால் பக்கத்தில் யாரும் உட்காரமாட்டேன் என்கிறார்கள். நீ நன்றாகத் தூங்குகிறாயா?

உன் வேலித் தீர்ப்பை முழுவதும் படித்துவிட்டேன். இத்தனை நாளானதற்கு என்னைத் திட்டாதே. 'நீதிபதி ரூவீனியா டார்ப்ளி' என்று இருந்த இடத்தில் மட்டும் ஒரு நாள் முழுவதும் நின்றுவிட்டேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். ஆனால் அந்த இரண்டு பண்ணைக்காரர்களையும் எனக்குப் பிடிக்கவில்லை. அவர்கள் வேலியை என் சுவரில் ஒட்ட மனமில்லை. வேறு நல்லதாக ஒன்று வரட்டும், காத்திருக்கிறேன்.

அந்த வக்கீலின் கோட்டை என்ன செய்தாய்? நீ சொல்லவே இல்லை. அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது நல்ல செய்தி. பன்னிரண்டு பேரில் ஒருவனாக உட்கார்ந்து குற்றவாளியா இல்லையா என்று சொல்ல எனக்கு ஜூரி அழைப்பு வந்திருக்கிறது! முன்பும் வந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அந்த மேஜைக்காரி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "எழுதப் படிக்கத் தெரியுமா?" என்பாள். "தெரியாதும்மா" என்பேன். "அப்போ வீட்டுக்குப் போங்க" என்பாள். இந்தத் தடவை கேட்கட்டும். மே மாதம் போகிறேன். பழுப்பு நிற சூட்டை வெயிலில் போட்டிருக்கிறேன்.

கடவுள் உன்னோடு இருக்கட்டும்.

உன் பெரியப்பா
ஹோசியா

*

தலைநகர்
ஏப்ரல் 20, 1988

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

நான் நலம், தூக்கம் பரவாயில்லை. உங்களுக்கு என் வாழ்த்துகள்.

பழுப்பு சூட் நன்றாக இருக்கும். என் பெயரை நீங்களாக எடுக்க வேண்டாம். கேட்டால் மட்டும் உண்மையைச் சொல்லுங்கள். உங்களை ஜூரியில் உட்கார வைக்காமல் அனுப்பினாலும் மனம் தளரக்கூடாது. அனுப்பிவிட்டால் உடனே வீட்டுக்குப் போய்விடுங்கள், அங்கே நிற்க வேண்டாம்.

அந்தக் கோட்டைக் கொக்கியில் மாட்டினேன். பிறகு உள்ளே போய் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் வாதாட எழுந்து நின்று, என்னைப் பார்த்து, என்ன சொல்ல வந்தோம் என்பதையே மறந்துவிட்டார். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

அன்புடன்,
வீனி

*

பிக்கெட் ஃபெரி
மே 22, 1988

அன்பு மகள் வீனிக்கு,

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. உலர்ந்த பிளம் பழம் சாப்பிட ஆரம்பித்த பிறகு வயிறும் சீராகிவிட்டது. மிஸ் ஓர்லீன் சௌக்கியம். அவர் ஊதா உடுப்பில் வருகிற நாட்களில் எனக்கு எழுத்தெல்லாம் குழம்பிப் போகிறது. இதை நீ யாரிடமும் சொல்லாதே.

நீ போய்விடச் சொன்னாய். நான் போகவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

மேஜைக்காரி கேட்டாள். "தெரியும்மா" என்றேன். நிமிர்ந்து பார்த்தாள். "அப்போ கையெழுத்துப் போடுங்க." போட்டேன். கடைசி எழுத்தின் வாலை மிஸ் ஓர்லீன் சொன்னபடி சுழித்துவிட்டேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வீனி. எப்படி அடக்குவது?

வழக்கு, நம் அயோனி லாசிட்டரின் மகன் டைரீ மேல். தீவனக் கடைக்குத் தீ வைத்தான் என்கிறார்கள். பார்த்த சாட்சி கடைக்காரர் ஒருவர்தான். அவரும் இருட்டில் முதுகைத்தான் பார்த்தாராம், நடையை வைத்துக் கண்டுபிடித்தாராம். அழைப்பு வந்தவர்களில் நம்மவர்கள் ஏழு பேர். பிடிக்காத ஆளை வக்கீல் ஜூரியில் வேண்டாம் என்று சொல்லலாமாம். அரசு வக்கீல் ஹால்கம் ஏழு பேரையும் ஒவ்வொருவராக எழுப்பி அனுப்பிவிட்டார். நாங்கள் பின்வரிசையில் போய் உட்கார்ந்தோம். எங்களை வெளியே அனுப்ப மறந்துவிட்டார்கள். அல்லது எங்களுக்குக் காது இருப்பது அவர்களுக்கு நினைவில்லை.

டைரீக்கு வாதாடும் மிஸ் டார்செட், வெள்ளைக்காரப் பெண், சின்ன வயசு, எழுந்தாள். "ஐயா, ஏழு பேரையும் அனுப்பிட்டாரு. நிறத்தைப் பாத்து அனுப்பலைன்னா வேற என்ன காரணம்னு சொல்லணும். இப்போ சட்டம் அப்படித்தான்."

நீதிபதி கொட்டாவி விட்டார். "சொல்லிடுங்க ஹால்கம்."

"முதல் ஆளு மடியில தொப்பியை வெச்சு நோண்டிக்கிட்டே இருந்தாரு. ரெண்டாவது அம்மா என் முகத்தையே பாக்கல."

"மூணாவது?" என்றார் நீதிபதி.

"அந்த அம்மா என் முகத்தையே பாத்துக்கிட்டு இருந்தாங்க."

இப்படியே போனது. ஒருவர் மிக அருகில் குடியிருக்கிறாராம், இன்னொருவர் மிகத் தூரத்தில் குடியிருக்கிறாராம். கடைசியில் நான்.

"அந்தக் கிழவர் கையெழுத்துப் போடும்போது சிரிச்சாரு. ஜூரி வேலையை விளையாட்டா நினைக்கிற ஆளு."

"சிரிப்புக்கு நிறம் கிடையாதும்மா" என்று நீதிபதி அந்தப் பெண்ணிடம் சொன்னார். "ஏத்துக்கறேன்."

வெளியே நடைவழியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். ஹால்கம் வந்து என் தோளில் தட்டினார். "கிழவா, பல்லைக் காட்டினதுக்கு ரொம்ப நன்றி. உங்க ஆளுங்க ஒருத்தரையும் உக்கார வைக்கறதா இல்லை. மத்த ஆறு பேருக்கும் ஏதோ ஒண்ணு யோசிச்சுட்டேன், உனக்குத்தான் ஒண்ணும் கிடைக்காம முழிச்சுக்கிட்டு இருந்தேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்தால் விளையாட்டு இல்லை போலிருக்கிறது.

பன்னிரண்டு வெள்ளைக்காரர்கள் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்து குற்றவாளி என்றார்கள். பையனுக்கு இருபது வருடம் சிறை. அயோனி கத்தவில்லை. கைப்பையைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டே இருந்தாள்.

வீட்டுக்கு வந்து அந்தத் தோளைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். சூட்டையும் துவைத்தேன். இன்னும் நாற்றம் போகாத மாதிரி இருக்கிறது.

உடனே பதில் எழுது.

உன் பெரியப்பா
ஹோசியா

*

பிக்கெட் ஃபெரி
ஜூலை 10, 1988

அன்பு மகள் வீனிக்கு,

நான் நலம். நீ நலமாக இருக்கிறாயா? பதில் இல்லை. க்ளீவன் கடைத் தொலைபேசியிலிருந்து கூப்பிட்டேன். நீ வேலையாக இருப்பதாக உன் செயலாளர் சொன்னாள். மூன்றாவது தடவையும் வேலையாகத்தான் இருந்தாய். உடம்பு ஏதாவது சரியில்லையா? மறைக்காதே.

டைரீயின் மேல்முறையீடு உன் நீதிமன்றத்துக்குத்தான் வருகிறதாம். ஞாயிற்றுக்கிழமை போதகர் இதைச் சொன்னதும் தேவாலயமே எழுந்து கைதட்டியது. அயோனி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, கடவுள் நம்ம வீனியை அங்கே சும்மாவா உக்கார வெச்சாரு?" என்றாள்.

நீ பார்த்துக்கொள்வாய் என்று நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். இந்தத் தீர்ப்பைத்தான் சுவரில் ஒட்டப்போகிறேன். இடத்தைத் துடைத்து வைத்திருக்கிறேன்.

உன் பெரியப்பா
ஹோசியா

*

மேல்முறையீட்டு நீதிமன்றம்
பதிவாளர் அலுவலகம்
செப்டம்பர் 16, 1988

திரு. ஹோசியா டார்ப்ளி அவர்களுக்கு,

வணக்கம். லாசிட்டர் மேல்முறையீடு தொடர்பாக மே 22, ஜூலை 10 ஆகிய தேதிகளில் தாங்கள் நீதிபதி டார்ப்ளிக்கு எழுதிய இரண்டு கடிதங்களையும் நீதிபதி அவர்கள் இந்த அலுவலகத்தில் ஒப்படைத்துள்ளார். அவை வழக்குக் கட்டில் சேர்க்கப்பட்டு, நகல்கள் அரசு வக்கீலுக்கும் எதிர்த்தரப்பு வக்கீலுக்கும் அனுப்பப்பட்டுள்ளன. இந்த வழக்கின் விசாரணையிலிருந்து நீதிபதி டார்ப்ளி விலகிக்கொண்டுள்ளார். வழக்கு பற்றி எந்த நீதிபதிக்கும் இனிக் கடிதம் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்.

இப்படிக்கு,
பதிவாளர்

*

பிக்கெட் ஃபெரி
செப்டம்பர் 25, 1988

ரூவீனியாவுக்கு,

உன் நலத்தை இந்தத் தடவை கேட்கவில்லை. நலமாகத்தான் இருப்பாய்.

பதிவாளர் கடிதத்தை அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். எனக்கு எழுத்து வந்ததே இதைப் படிக்கத்தானா என்று இருக்கிறது. என் கடிதத்தை ஹால்கமுக்கு அனுப்பியிருக்கிறாய். நான் உனக்கு எழுதியதை. என் வயிற்றைப் பற்றி, மிஸ் ஓர்லீனின் ஊதா உடுப்பைப் பற்றி. அந்த ஆள் அதை மேஜையில் வைத்து, காபி குடித்துக்கொண்டே படித்திருப்பான்.

அது போகட்டும். விலகிக்கொண்டாயாமே? பத்திரிகையில் போட்டிருக்கிறான்: முதல் கறுப்பு நீதிபதி முதல் சோதனையிலேயே நழுவினார் என்று. க்ளீவன் கடையில் அதைச் சத்தமாகப் படித்தார்கள். "ஹோசியாண்ணே, அந்த ஊர்ல என்னதான் சாப்பாடு போடறாங்க? உங்க வீனிக்கு முதுகெலும்பே கரைஞ்சுபோச்சே" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். என் தலையில் பாதி முடி வெட்டியிருந்தது. அப்படியே எழுந்து வந்துவிட்டேன்.

ஞாயிறு விருந்தில் அயோனிக்கு வறுத்த கெளுத்தி மீன் எடுத்துக் கொடுத்தேன். தட்டை என் பக்கமே தள்ளிவிட்டாள். "உங்க குடும்பத்துக் கையால எனக்கு எதுவும் வேண்டாம்" என்றாள். நான் வாக்குக் கொடுத்தவன். என் வாயே எனக்கு நாறுகிறது.

அன்றைக்கு அந்தக் கோட்டைக் கொக்கியில் மாட்டினேன் என்றாய். ஏன் மாட்டினாய்? தரையில் போட்டிருக்கக்கூடாதா? அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

இனி எழுதமாட்டேன்.

ஹோசியா டார்ப்ளி

*

தலைநகர்
பிப்ரவரி 19, 1989

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

உங்கள் முழங்கால் இந்தக் குளிரில் எப்படி இருக்கிறதோ என்று தினமும் நினைக்கிறேன். எனக்கு மாத்திரையை இரட்டிப்பாக்கியிருக்கிறார்கள். மற்றபடி நலம்.

லாசிட்டர் வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது. டைரீயின் தண்டனையை உறுதி செய்துவிட்டார்கள். இனி அது எங்கள் நீதிமன்றத்தில் இல்லை என்பதால் எழுதுகிறேன். இத்தனை மாதம் எழுதாததற்கும் அதுதான் காரணம்.

உங்கள் மே மாதக் கடிதத்தைப் படித்த அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது, இந்த வழக்கு ஒரு நாள் எங்கள் மேஜைக்கு வரும், நீங்கள் அதில் சாட்சி என்று. ஹால்கம் நடைவழியில் சொன்னதைக் கேட்டது நீங்கள் ஒருவர்தான். சாட்சியோடு நீதிபதி பேசக்கூடாது. பெரியப்பாவாக இருந்தால் அறவே கூடாது. உங்களுக்கு உடம்பு நலமா என்று ஒரு வரி எழுதியிருந்தால்கூட, இந்தக் கிழவருக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான் என்று பிறகு நிரூபித்திருப்பார்கள்.

எனக்கு இரண்டு வழி இருந்தது. உங்கள் கடிதத்தை அலமாரியில் பூட்டிவிட்டு, உங்கள் பெயர் வழக்குக் கட்டில் இருப்பதைக் கவனிக்காதவள் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம். யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். மூன்று நீதிபதிகளில் ஒருத்தியாக இருந்து, இரண்டுக்கு ஒன்று என்று தோற்றிருப்பேன். அழகாக ஒரு மாறுபட்ட தீர்ப்பு எழுதியிருப்பேன். உங்கள் சுவருக்குப் பொருத்தமாக இருந்திருக்கும். ஆனால் நடைவழியில் ஹால்கம் சொன்னதில் ஒரு வார்த்தையை அதில் எழுத முடியாது. வழக்குக் கட்டில் இல்லாததை நீதிபதி எழுதக்கூடாது. அது கட்டுக்குள் போக வேண்டுமானால் நான் நாற்காலியை விட்டு இறங்க வேண்டும். இறங்கினேன்.

இந்த வழக்கைக் கேட்டவர்களில் ஒருவரான நீதிபதி பிராதரைப் பற்றியும் உங்களிடம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு குளிர்காலத்திலும் அவரும் ஹால்கமும் ஒரே படகில் வாத்து வேட்டைக்குப் போகிறார்கள். செத்த வாத்துகளைக் கயிற்றில் கோத்துப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் நிற்கிற படம் அவர் அறையில் மாட்டியிருக்கிறது. அவர் விலகவில்லை. அவருக்கு யாரும் கடிதம் எழுதவில்லையே. படகிலேயே பேசிக்கொள்ளலாம். என்னிடம் வந்து, "உங்க நேர்மையைப் பாராட்டறேன் ரூவீனியா" என்று கையைக் குலுக்கினார். நீங்கள் தோளைக் கழுவிய மாதிரி நானும் கையைக் கழுவினேன். அவர்கள் கூடிய அன்று கதவை யார் திறந்தார்களோ, எனக்குத் தெரியாது.

தீர்ப்பை இத்துடன் வைத்திருக்கிறேன். ஒரு பக்கம்தான், எழுதியவர் பெயர்கூட இல்லை. உங்கள் கடிதம் சத்தியம் செய்து தரப்பட்டதல்ல, ஆகவே கணக்கில் எடுக்கவில்லை என்று இருக்கிறது. பொய் என்று எங்கும் இல்லை. மிஸ் டார்செட்டும் இந்தப் பக்கத்தைப் படித்திருப்பார்.

நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். சொல்லக்கூடாது.

அந்தக் கோட்டை ஏன் தரையில் போடவில்லை என்று கேட்டிருந்தீர்கள். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
வீனி

*

பிக்கெட் ஃபெரி
மார்ச் 5, 1989

அன்பு மகள் வீனிக்கு,

முழங்கால் இருக்கிறது. மாத்திரையை வேளை தவறாமல் சாப்பிடு.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நான் எழுதிய செப்டம்பர் கடிதத்தை அடுப்பில் போட்டுவிடு.

நேற்று மிஸ் டார்செட் அலுவலகத்துக்குப் போனேன். நடைவழியில் கேட்டதைச் சொல்லி, பைபிள் மேல் கைவைத்துச் சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டேன். இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை.

உன் பெரியப்பா
ஹோசியா

*

பிக்கெட் ஃபெரி
ஜூன் 18, 1989

அன்பு மகள் வீனிக்கு,

நான் நலம், மிஸ் ஓர்லீனும் நலம். அவரைப் பற்றிக் கீழே சொல்கிறேன். உன் அழுத்தம் இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன், இல்லாவிட்டால் இதைப் படித்தால் இறங்கும்.

போன வாரம் என் சாட்சி. பழைய தண்டனையை எதிர்த்து மிஸ் டார்செட் மனுப் போட்டு, வெளியூரிலிருந்து ஒரு நீதிபதி வந்திருந்தார். ஹால்கமும் இதில் சாட்சி என்பதால் அவர் கேள்வி கேட்கக்கூடாதாம். தன் உதவி வக்கீலைக் கேள்வி கேட்க நிறுத்திவிட்டு, பின்னால் உட்கார்ந்து அவன் முதுகைக் கிள்ளிக்கொண்டிருந்தார். தேவாலயம் முழுவதும் வந்திருந்தது. மிஸ் ஓர்லீன் முன்வரிசையில், ஊதா உடுப்பில்.

அந்த உதவி வக்கீல் என் கடிதத்தைத் தூக்கிக் காட்டினான்.

"பெரியவரே, போன வருஷம் வரைக்கும் உங்களுக்கு எழுத்தே தெரியாது, இல்லையா?"

"ஆமாங்க."

"இத்தனை பக்கம் நீங்களா எழுதினீங்க? இல்லை, தலைநகர்ல இருக்கற யாராவது எழுதிக் கொடுத்தாங்களா?"

"நான்தாங்க எழுதினேன்."

"அப்போ படிச்சுக் காட்டுங்க பாப்போம்." என் கையில் கொடுத்துவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துக் கண்ணடித்தான். பின்னால் ஹால்கம் அவன் கோட்டைப் பிடித்து இழுத்தார். அவனுக்குப் புரியவில்லை.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தேன். அன்பு மகள் வீனிக்கு என்பதிலிருந்து. பிளம் பழம் வந்தது. சிரித்தார்கள். ஊதா உடுப்பு வந்தது. நான் நிறுத்தினேன், வீனி. என் காது கொதித்தது. நீதிபதி, "படிங்க" என்றார். படித்தேன். மிஸ் ஓர்லீன் கையிலிருந்த விசிறி நின்றுவிட்டது.

எனக்கு ஒவ்வொரு வார்த்தையாகத்தான் வரும். தொப்பி வந்தது, பார்க்காத அம்மா வந்தாள், பார்த்த அம்மா வந்தாள். கூட்டத்தில் சிரிப்பு நின்றுபோனது. தண்ணீர் குடித்த இடம் வந்ததும் உதவி வக்கீல், "போதும் ஐயா, படிக்கத் தெரியுதுன்னு ஒத்துக்கறோம்" என்றான்.

"படிக்கச் சொன்னது நீங்கதானே?" என்றார் நீதிபதி. "அவர் முடிக்கட்டும்."

முடித்தேன். ஹால்கம் என்னிடம் சொன்னதையெல்லாம் அவரை எதிரில் உட்கார வைத்துக்கொண்டே, ஒரு வார்த்தைகூட விடாமல், தட்டச்சுக்காரி அடித்துக்கொண்டு வரவர, மெதுவாகப் படித்தேன். இன்னும் வேகமாகப் படிக்க எனக்குத் தெரியாதே.

பிறகு ஹால்கம் ஏறினார். அப்படிப் பேசிய ஞாபகம் இல்லை என்றார். மிஸ் டார்செட், "பேசவே இல்லைன்னு சத்தியம் பண்ணுவீங்களா?" என்று கேட்டாள். ஞாபகம் இல்லை என்றார் மறுபடியும்.

வெள்ளிக்கிழமை தீர்ப்பு. பழைய தண்டனை செல்லாது, புது ஜூரி வைத்து மறுபடி விசாரிக்க வேண்டும், அதுவரை பையன் வீட்டில் இருக்கலாம். நீதிபதி இதைப் படித்தபோது சொத்தைக் கொட்டையைக் கடித்தவர் மாதிரி இருந்தார்.

அயோனி டைரீயைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள், சூடாகச் சோள ரொட்டியோடு. பையன் இளைத்துவிட்டான். உட்காரச் சொன்னால் சுவரோடு ஒட்டி நிற்கிறான். "வீனிக்கிட்ட சொல்லுங்க அண்ணே" என்றாள் அயோனி. என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. உனக்குத் தெரியும்.

மிஸ் ஓர்லீன் அன்றைக்கு நேராக வீட்டுக்குப் போனார். நேற்று வகுப்பில் என் தாளைத் திருத்திவிட்டு, "எழுத்து குழம்பினா சாயந்தரம் வீட்டுக்கு வந்து கேளுங்க" என்றார். இதையாவது யாருக்கும் நகல் அனுப்பாதே.

இவ்வளவு நடந்தும் எனக்கு நிம்மதி இல்லை. ஹால்கம் இன்னும் அதே அரசு வக்கீல்தான். நேற்று தெருவில் பார்த்து எனக்குத் தொப்பியைத் தூக்கினார், ஒன்றுமே நடக்காதது போல. புது ஜூரிக்கும் அவர் ஆள்தான் நம்மவர்களை எழுப்பப்போகிறார். தேவாலயத்தில் போதகருக்கு உதவும் டீக்கன் எல்லோரையும் வரிசையாக உட்காரவைத்துப் பழக்குகிறார். தொப்பி வேண்டாம், சிரிக்க வேண்டாம், முறைக்க வேண்டாம், கீழேயும் பார்க்க வேண்டாம். "அப்போ மூஞ்சியை எங்கதான் வெச்சுக்கறது?" என்றாள் ஒரு கிழவி. "வீட்டுல வெச்சுட்டு வந்துடறேன்." சிரித்தோம். பிறகு மறுபடி பழகினோம்.

சுவரைப் பற்றிச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். நீ அனுப்பிய அந்த ஒரு பக்கத் தீர்ப்பை எடுத்து, கடைசி வரியை மட்டும் கத்தரித்து, அடுப்புக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். க்ளீவன் என் தூண்டிலைத் திருப்பித் தர வந்தவன் அதைப் பார்த்துவிட்டுச் சத்தமாகப் படித்தான். "'நீதிபதி டார்ப்ளி பங்கேற்கவில்லை.' ஏண்ணே, இதையா ஒட்டறது? அவ ஒண்ணும் பண்ணலைன்னுதானே போட்டிருக்கு?"

"நீ முடிவெட்டறவன்" என்றேன். "உனக்கு எழுத மட்டும்தான் தெரியும். இன்னொரு தடவை படி."

உன் பெரியப்பா
ஹோசியா டார்ப்ளி